குரலுக்கு உரியவர் யார்? – ஓர் இசைத்தட்டை முன்வைத்து

மேலைநாட்டுப் பொப்பிசை குறித்து அறிவுலகில் இருவகைக் கருத்துகள் நிலவுகின்றன. ஒரு சாரார் அதனை ஆய்வுக்கு அருகதையற்ற சந்தைச் சரக்கென ஒதுக்குவர். மறு சாரார் அதனைக் கலையென ஏற்பர். ஆயின் அக்கலையின் கர்த்தா இசைத்தட்டுத் தயாரிப்பாளனே என்பர். 1960களின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவிற் பெருகிய பெண்கள் பாடற்குழுக்களைப் பற்றி எழுதுவோரிடையே இந்த இரண்டாவது கருத்து ஆழ வேரூன்றியுள்ளது. ஒன்றுக்கொன்று முரணானவைபோலத் தோன்றும் இவ்விரு கருத்துகளும் ஓரிடத்தில் உடன்படுகின்றன. பாடிய பெண்ணின் உழைப்பை இரண்டுமே கணக்கில் எடுப்பதில்லை. இப்புறக்கணிப்பு எத்துணைப் பாரதூரமானது என்பதை 1962இல் வெளிவந்த ‘ஹீஸ் எ ரெபல்’, அதாவது ‘அவன் ஒரு கலகக்காரன்’, என்னும் இசைத்தட்டின் வரலாறு தெளிவுறுத்தும்.

இப்பாடலை இயற்றியவர் ஜீன் பிட்னி. தயாரித்தவர் பில் ஸ்பெக்டர். வெளியிட்டது அவருடைய பிலிஸ் நிறுவனம். தட்டின்மீது பொறிக்கப்பட்ட பெயர் ‘கிறிஸ்டல்ஸ்’. அது நியூயோர்க் நகரத்துப் புரூக்ளின் பகுதியில் உருவான, கறுப்பின இளம்பெண்களின் குழுவொன்றின் பெயர். 1962 நவம்பரில் பில்போட் சஞ்சிகையின் தரவரிசையில் இத்தட்டு முதலிடத்தை எய்தியது. ஆனால் கிறிஸ்டல்ஸ் குழுவினருள் ஒருவரேனும் அதிற் பாடவில்லை.

நடந்தது இதுதான். விக்கி கார் என்னும் பாடகியைக் கொண்டு அதே பாடலை லிபர்ட்டி நிறுவனம் வெளியிடவிருந்தது. அதனை முந்திக்கொள்ள வேண்டிய அவசரம் ஸ்பெக்டருக்கு ஏற்பட்டது. அவர் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கோல்ட் ஸ்டார் ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்தார். கிறிஸ்டல்ஸ் குழுவினரோ நாட்டின் மறுகோடியில் இருந்தனர். எனவே அந்நகரில் ஒலிப்பதிவுகளுக்குக் கூலிக்குப் பாடிவந்த ‘புளொசம்ஸ்’ குழுவினரை அமர்த்தி 1962 ஜூலையிற் பாடலைப் பதிவு செய்தார். முதற்குரல் டார்லீன் ரைட்டினுடையது; பின்னர் டார்லீன் லவ் என ஸ்பெக்டராற் பெயரிடப்பட்டவர் இவரே. பாடியதற்கான கூலி இவருக்குக் கிடைத்தது. பெயர் கிறிஸ்டல்ஸ் குழுவுக்குப் போயிற்று. முன்னைய தட்டுகளால் அப்பெயர் விலைபோகும் பெயராகிவிட்டமையே காரணம். தம் பெயரில் இப்படியொரு தட்டு வெளிவந்திருப்பதை வானொலி வாயிலாகவே அறிந்ததாகக் கிறிஸ்டல்ஸ் குழுவினர் பின்னாளிற் கூறியுள்ளனர். தாம் பாடாத பாடலைத் தமதெனவே மேடையேற்ற வேண்டிய நிலைக்கு அவர்கள் தள்ளப்பட்டனர். அதுவரை முதற்குரல் பாடிவந்த பாபரா அல்ஸ்டனின் மென்குரல் இப்பாடலுக்கு இசையாமையால், அவர்களுள் இளையவரான லாலா புரூக்ஸ் முன்னிறுத்தப்பட்டார்.

ஈண்டு இழப்புக்குள்ளானோர் இரு திறத்தார் என்பது மனங்கொள்ளத்தக்கது. ஒரு குழுவிடமிருந்து பெயர் பறிக்கப்பட்டு வணிக முத்திரை ஆக்கப்பட்டது. மறு குழுவிடமிருந்து குரல் வாங்கப்பட்டு மூலப்பொருள் ஆக்கப்பட்டது. இரண்டையும் ஒட்டவைக்கும் அதிகாரம் நிறுவனத்திடம் இருந்தது. கலகக்காரனைப் போற்றும் பாடலில், அதைப் பாடியவளுக்குத் தன் பெயரைக் கேட்கும் உரிமைகூட இருக்கவில்லை.

தயாரிப்பாளரின் மேதைமையைப் பேசுவோர் இதனை மறுப்பர். ‘ஒலிச்சுவர்’ எனப் புகழ்பெற்ற அடர்ந்த வாத்திய அமைப்பே இத்தட்டுகளின் உயிர். பாடகி மாற்றத்தக்க ஓர் உறுப்பு மாத்திரமே. ஆள்மாறாட்டத்தை இரசிகர் உணராமையே அதற்குச் சான்று என்பது அவர்தம் வாதம். ஸ்பெக்டரின் ஆற்றலை மறுக்கவேண்டிய தேவை எதுவுமில்லை. ஆயினும் அச்சுவர் ஒருவர் கையால் எழுந்ததன்று. வாத்திய ஒழுங்கமைப்பு ஜாக் நிட்சேயினுடையது. ஒலிப்பதிவு நுட்பம் லரி லெவினுடையது. மேளம் ஹால் பிளேனுடையது. பாடகி மாற்றத்தக்கவர் என்பதும் உண்மையன்று. அதே பாடலை விக்கி கார் பாடிய தட்டு இவ்வெற்றியை அணுகவும் இல்லை. மாற்றத்தக்க குரலாயின், மேடையில் அதற்கு ஈடுகொடுக்க இன்னொருவரைத் தேடவேண்டி வந்தது ஏன்? ‘ஹீஸ் ஷுவர் த போய் ஐ லவ்’ என்ற அடுத்த தட்டுக்கும் டார்லீனையே ஸ்பெக்டர் நாடியது ஏன்? அத்தட்டு தம் பெயரில் வரும் என்று டார்லீன் நம்பியிருந்தார். அதுவும் கிறிஸ்டல்ஸ் பெயரிலேயே வெளிவந்தது.

பாடலின் பொருளையும் நோக்குதல் வேண்டும். ஊரார் இகழும் இளைஞன் ஒருவனுக்காக அவனை நேசிக்கும் பெண் பரிந்து பேசுகிறாள். ஏட்டில் வாசிக்கின் அது பணிவானதொரு பரிந்துரையே. போதகர் ஒருவரின் மகளாகத் தேவாலயப் பாடலிற் பயின்ற டார்லீனின் குரலோ அதனைச் சாட்சியமாக்கி விடுகிறது. அவள் கெஞ்சவில்லை, அறிவிக்கிறாள். இம்மாற்றம் பாடலாசிரியரின் தாளிலும் இல்லை, தயாரிப்பாளரின் சுவரிலும் இல்லை. அது பாடியவளின் ஆக்கம்.

இனி, ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டோர் முறையிடுவது எவ்வாறு என வினவுவோர் உளர். இதே நிறுவனத்துடன் 1963இல் ஒப்பந்தம் செய்த ‘ரொனெட்ஸ்’ குழுவின் கதை இதற்கு விடை தரும். அவர்களின் ‘பி மை பேபி’ பத்து இலட்சத்துக்கும் அதிகமாக விற்றது. மூவருக்குமாகக் கிடைத்த முற்பணம் ஏறத்தாழ 15,000 டொலர். அதன்பின் உரிமைத்தொகை எதுவும் கிடைக்கவில்லை. 1987இல் ‘டேர்ட்டி டான்சிங்’ திரைப்படத்தில் அப்பாடல் ஒலித்து உலகெங்கும் புத்துயிர் பெற்றது. அவர்கள் தொடுத்த வழக்கில் நியூயோர்க் மாநில மேன்முறையீட்டு உயர்மன்றம் 2002இற் தீர்ப்பளித்தது. இசைத்தட்டு விற்பனையில் அவர்களுக்குப் பங்குண்டு. பதிவின் முழு உடைமையும் கைமாறிவிட்டமையால் திரைப்படப் பயன்பாட்டின் வருவாயிற் பங்கில்லை என்றது அத்தீர்ப்பு. அவர்களது நிலை இரங்கத்தக்கதாயினும் ஒப்பந்த வாசகத்தை மீற இயலாது என்பதே மன்றின் நிலைப்பாடு.

நீதிமன்றம் அவ்வாறு கூறுவதற்கு நியாயம் இருக்கலாம். அது வாசகத்துக்குக் கட்டுப்பட்டது. விமரிசனம் எதற்குக் கட்டுப்பட்டது? உடைமை யாரிடம் உள்ளதோ அவரே படைப்பாளி என்று எழுதுகின்ற விமரிசகர், ஒப்பந்தத்தின் ஒரு சரத்தை அழகியற் கோட்பாடாக உயர்த்துகிறார். மேதைமை வழிபாட்டின் உண்மைச் சொரூபம் இதுவே.

ஸ்பெக்டர் 2009இற் கொலைக் குற்றவாளியாகக் காணப்பட்டு, 2021இற் சிறைக்கைதியாகவே இறந்தார். இப்பொழுது சிலர் அனைத்தையும் அத்தனிமனிதரின் கொடுமையாகக் கூறிக் கணக்கை முடித்துவிட விழைகின்றனர். இது வழிபாட்டின் மறுபக்கமே. நற்குணம் வாய்ந்த முதலாளியின் கையிலும் அவ்வொப்பந்தம் அதே விளைவையே தந்திருக்கும்.

டார்லீன் லவ்வுக்குப் பின்னர் மதிப்பளிக்கப்பட்டது என்பதும் முழுமையான விடையன்று. 1980களின் தொடக்கத்தில் அவர் பிறர் வீடுகளைத் துப்புரவு செய்து பிழைத்தார். 2011இல் ரொக் இசையின் புகழ்மண்டபம் அவரை ஏற்றது. 2013இல் வெளியாகி, மறுவருடம் ஒஸ்கார் விருது பெற்ற ‘ட்வென்ரி ஃபீட் ஃப்ரொம் ஸ்டார்டம்’ என்ற ஆவணப்படம் பின்குரற் பாடகியருள் ஒருவராக அவரை உலகுக்கு அறிமுகம் செய்தது. முதலிடம் பெற்ற தட்டின் முதற்குரல், அரைநூற்றாண்டின் பின்னர் அறிமுகம் வேண்டி நின்றது. காலந்தாழ்ந்த மாலை கூலிப் பாக்கியைத் தீர்ப்பதில்லை.

ஆகவே, இவ்விசையை ஆராய்வோர் முதலிற் செய்யத்தக்கது யாதெனில், இயற்றியவர், பாடியவர், வாசித்தவர், உடைமையாளர் என நான்கையும் வேறுபடுத்தி எழுதுவதாகும். ஆய்வுக்கு அருகதையற்றது என ஒதுங்குவோர் இப்பணியை விற்பனையாளரின் விளம்பர ஏட்டுக்கு விட்டுக்கொடுக்கின்றனர். தட்டின்மீது உள்ள பெயரை அப்படியே படியெடுப்பது வரலாறாகாது. தட்டைச் சுழலவிட்டு, ஒலிக்கும் குரல் யாருடையது என்று கேட்பதிலிருந்தே வரலாறு தொடங்குகிறது.