தேர் ஆடலாம்; கார் ஆடலாமா?

சிதம்பரத்தில் தேர் பார்த்திருக்கிறீர்களா? ஆனித் திருமஞ்சனத்துக்கு முதல் நாள் ஐந்து தேர்கள் வீதிவலம் வரும். நடராஜர் தேர் வீதி முனையில் திரும்பும்போது அடியிலிருந்து கலசம் வரைக்கும் ஓர் ஆட்டம் ஆடுமே, அதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும்.

எங்கள் அத்தைக்கு (மாமியாரைத்தான் சொல்கிறேன்) அந்தத் தேரைப் பார்க்காவிட்டால் வருஷமே பிறந்த மாதிரி இருக்காது. கடலூரிலிருந்து வருஷம் தவறாமல் காரில் அழைத்துப் போவோம். அன்றைக்குக் காரை விட்டு இறங்கியவர், கதவைப் பிடித்துக்கொண்டே ஐந்து நிமிஷம் நின்றார். பிறகு சொன்னார்: "வழியெல்லாம் நான் தேர்லதானே வந்தேன்? தனியா வேறே பார்க்கணுமா?"

எல்லாரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

சிரிக்காததற்குக் காரணம் இருந்தது. ஆலப்பாக்கம் தாண்டி ஒரு வளைவில், பால் கேனுடன் ஒரு சைக்கிள்காரர் சட்டென்று குறுக்கே வந்துவிட்டார். என் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்து, உடனே வலப்பக்கம் ஒடித்தார். கார் முதலில் ஒரு பக்கம் சாய்ந்தது, நிமிர்ந்தது, அதோடு நிற்காமல் மறுபக்கம் முன்னிலும் அதிகமாகச் சாய்ந்தது. அத்தை என் மேல், நான் கதவின் மேல், புளியோதரை டப்பா எங்கள் இருவர் மேலும். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் அத்தை தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "வித்துடுங்க."

இது சாதாரண வார்த்தை இல்லை. கார் 1982-ஆம் வருஷத்துப் பிரீமியர் பத்மினி. மாமா ஆசை ஆசையாக வாங்கியது. உடம்பு இத்தாலியின் பியட் 1100. பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனியார் செய்தார்கள். 1964-ல் 'டிலைட்' என்றும், பிறகு 'பிரசிடெண்ட்' என்றும் இருந்த பெயர், 1974-ல் சித்தூர் ராணியின் பெயராக மாறியது. உற்பத்தி நின்று இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பம்பாய் டாக்சிகளில் கடைசிப் பத்மினியும் 2023 அக்டோபரோடு விடைபெற்றுவிட்டது. எங்கள் வாசலில் நிற்பதற்கு மட்டும் யாரும் விடை கொடுக்கவில்லை. 2015 மழை வெள்ளத்தில் சக்கரம் மூழ்க நின்றபோதுகூட, "அவர் கார், அது பிழைச்சுக்கும்" என்று சொன்னவர் அத்தைதான். அவர் வாயாலேயே 'வித்துடுங்க' என்றால்?

பழைய இரும்புக்காரர் வந்து காரைச் சுற்றிப் பார்த்து ஒரு தொகை சொன்னார். அதை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. போதாததற்குப் பதிவைப் புதுப்பிக்கும் தேதியும் நெருங்கிக்கொண்டிருந்தது. பதினைந்து வருஷம் கடந்த சொந்தக் காருக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை அந்தப் பரீட்சை உண்டு.

என் பிள்ளை என்ஜினீயரிங் படிக்கிறவன். "பாட்டி, விக்க வேணாம். முன்னாடி இருக்கிற ஸ்டெபிலைசர் ராடை எடுத்துட்டு அதைவிடத் தடிமனா ஒண்ணு போட்டுடலாம். புஷ்ஷை ரப்பருக்குப் பதிலா பாலியூரித்தேன்ல போட்டா, கார் அசையாது" என்றான்.

ஸ்டெபிலைசர் ராடு என்றால் என்ன என்று நான் கேட்டதற்கு அவன் ஒரு படம் போட்டுக் காட்டினான். ஒன்றும் புரியவில்லை. மறுநாள் துணி துவைக்கும்போது புரிந்தது. உங்களுக்கும் அப்படியே சொல்கிறேன்.

காரின் முன்பக்கம், அடியில், இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் நடுவே குறுக்கே ஓர் எஃகுக் கம்பி ஓடுகிறது. இரு முனையும் மடங்கியிருக்கும். நடுப்பகுதியை இரண்டு ரப்பர் புஷ் கவ்வி, காரின் உடம்போடு பிடித்திருக்கும். முனைகள் சக்கரத்தைத் தாங்கும் கைகளோடு சேர்ந்திருக்கும். இப்போது ஈரப் புடவையைப் பிழிவதை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கையையும் ஒரே பக்கமாகத் திருப்பினால் புடவை சும்மா உருளும், முறுக்கு ஏறாது. ஒரு கை இப்படி, ஒரு கை அப்படி என்றால்தான் முறுக்கேறி எதிர்த்து நிற்கும். அந்தக் கம்பியும் அப்படித்தான். இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கினால் அது பேசாமல் இருக்கும். வளைவில் கார் ஒரு பக்கம் சாய்ந்து, ஒரு சக்கரம் ஏறி மற்றது இறங்கினால், முறுக்கிக்கொண்டு, 'சாயாதே' என்று இழுத்துப் பிடிக்கும். அம்பாசடர் காரில் இதே முறுக்கு வித்தையை முன் ஸ்பிரிங்குக்கே வைத்திருக்கிறார்கள் என்று பிள்ளை சொன்னான். அது வேறு கதை.

கைக்குட்டையைப் பிழிவது சுலபம். ஜமுக்காளத்தைப் பிழிந்து பாருங்கள்! கம்பியின் கனம் இரண்டு பங்கானால் அதன் விறைப்பு 16 பங்காகிறது. 16 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 18 போட்டால் கனம் எட்டில் ஒரு பங்குதான் கூடும். விறைப்போ 60 சதவீதம் ஏறிவிடும். பிள்ளை சொன்னதில் தப்பில்லை என்றுதான் நான் நினைத்தேன்.

திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் பட்டறை மேஸ்திரி அப்படி நினைக்கவில்லை. காரை ஜாக்கியில் தூக்கி, அடியில் முட்டும் கொடுத்துவிட்டு (வெறும் ஜாக்கியை நம்பி யாரையும் காருக்கு அடியில் படுக்க விடாதீர்கள்) உள்ளே போனார். கம்பியைக் கையால் பிடித்து ஆட்டினார். 'டொக், டொக்' என்றது. ஒரு புஷ்ஷை நெம்பி எடுத்து என் கையில் வைத்தார். உதிர்ந்தது. எட்டு வருஷம் ஆன குக்கர் காஸ்கெட்டைத் தொட்டிருந்தால் தெரியும், அந்த மாதிரி.

"கம்பி நல்லாத்தான் இருக்கும்மா. அதைப் பிடிக்கிற கைதான் இல்லை" என்றார் மேஸ்திரி.

புஷ் தேய்ந்து இடைவெளி விழுந்துவிட்டால், கார் சாயத் தொடங்கும்போது கம்பி வேலை செய்வதில்லை. நன்றாகச் சாய்ந்த பிறகே திடீரென்று பிடிக்கும். அந்தச் சைக்கிள்காரரிடம் நாங்கள் பட்ட பாடு அதுதான். பிடியில்லாமல் எத்தனை தடிக் கம்பி போட்டு என்ன?

பிள்ளை விடவில்லை. "புஷ்ஷும் மாத்துங்க, கம்பியும் மாத்துங்க" என்றான். மேஸ்திரி பொறுமையாக மூன்று சங்கதி சொன்னார். முன்பக்கம் விறைப்பானால் வளைவில் வெளிப்பக்கத்து முன் சக்கரத்தின் தலையில் சுமை கூடும். மழை ரோட்டில் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் மூக்கு நேரே போகப் பார்க்கும். இரண்டாவது, கம்பி இரண்டு சக்கரத்தையும் பிணைப்பதால், ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் மற்றதற்கும் வலிக்கும். நம் ரோடு தெரிந்ததே. மூன்றாவதுதான் பெரிசு. கடற்கரை உப்புக் காற்றும் வெள்ளமும் தின்ற தகடு அது. பலமான கம்பி இழுத்தால், கம்பி தாங்கும், தகடு கிழியும். "நல்ல தகடு, அகல டயர், வேகமா ஓட்டுற ஆளுன்னா நானே போட்டுத் தருவேன் தம்பி. இது பாட்டி போற வண்டி."

ஆனாலும் ஒரு விஷயத்தில் பிள்ளைக்கு விட்டுக்கொடுத்தார்: பாலியூரித்தேன் புஷ். அது ரப்பரைவிடக் கெட்டி, எண்ணெய்க்கும் அசையாது. போட்டுப் பார்த்தோம். ஆட்டம் குறைந்தது நிஜம். நாலாவது நாள் தொடங்கியது பாருங்கள், 'கிறீச், கிறீச்' என்று ஒரு சத்தம்! அத்தை கால் இரண்டையும் ஸீட்டின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு, "வண்டிக்குள்ளே எலி" என்றார். அந்தப் புஷ்ஷுக்குச் சிலிக்கோன் கிரீஸ் தாராளமாகத் தடவ வேண்டுமாம். பிள்ளை ஒப்புக்குத் தடவியிருந்தான்.

கடைசியில் ரப்பருக்கே திரும்பினோம். என் வீட்டுக்காரர் சென்னை புதுப்பேட்டைக்குப் போய்த் தேடி வாங்கி வந்தார். முதலில் கிடைத்தது பெட்டி பிரிக்காத 'புது' சரக்கு; விரலால் மடக்கியதும் மயிரிழை வெடிப்பு தெரிந்தது. பெட்டிக்குள் இருந்தாலும் ரப்பருக்கு வயசாகாமல் இருக்குமா? வேண்டாமென்று வைத்துவிட்டு, மிருதுவாக வளைந்ததை எடுத்து வந்தார். மேஸ்திரி கம்பியைத் துரு போகத் தேய்த்து, துருப்பிடித்த கவ்விகளை மாற்றி, புஷ்ஷைச் சோப்புத் தண்ணீர் தடவி ஏற்றினார். சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் ஊறிக் கெட்டுவிடும். போல்ட்டுகளின் கடைசி முறுக்கைக் காரைத் தரையில் இறக்கி, நாலு சக்கரத்தில் நிற்கவைத்த பிறகே கொடுத்தார். செலவு ஒரு சுமாரான சுங்குடிப் புடவை அளவுகூட வரவில்லை.

அடுத்த ஞாயிறு அத்தையிடம், "சும்மா சிதம்பரம் வரைக்கும் போய்ட்டு வரலாம், வாங்க" என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் ஏறினார். ஆலப்பாக்கம் வளைவில் என் கையை இறுகப் பிடித்தார். கார் லேசாகச் சாய்ந்து, மறு நிமிஷம் நிமிர்ந்துகொண்டது. கையை விடவில்லை, ஆனால் பிடி தளர்ந்தது. புதுச்சத்திரம் வந்தபோது தூங்கிப்போயிருந்தார்.

புதன்கிழமை பழைய இரும்புக்காரர் டெலிபோன் செய்தார். அத்தைதான் எடுத்தார். "காரா? அது சிதம்பரம் போயிருக்கு. எப்ப வரும்னு தெரியாது" என்று சொல்லி வைத்துவிட்டார்.

கார் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தது.