ஓடாமல் இருக்கவும் பழக வேண்டும்

கல்லூரியில் நிலநடுக்க ஒத்திகை என்றால், "நம்ம பக்கம் பூகம்பம் எங்கே வரப்போகிறது?" என்றுதான் கள்ளக்குறிச்சியில் முதலில் கேட்பார்கள். மகாராஷ்டிரத்தின் லாத்தூர் பகுதியும் அப்படித்தான் நம்பியிருந்தது. அபாயம் மிகக் குறைந்த மண்டலம் என்றே அன்றைய வரைபடம் அதைக் காட்டியது. 1993 செப்டம்பர் 30 அதிகாலை கில்லாரியும் சுற்றுக் கிராமங்களும் இடிந்து, கிட்டத்தட்ட 10,000 பேர் மாண்டார்கள். தமிழகத்திலும் 1900-இல் கோவைப் பகுதி குலுங்கியது; 2001 செப்டம்பரில் புதுச்சேரிக் கடலோரம் அதிர்ந்தது. கல்வராயன் மலையடிவாரத்தில் பீதியைக் கிளப்ப இதைச் சொல்லவில்லை. அரிதாக வரும் ஆபத்துக்கு அனுபவப் பாடம் கிடைக்காது, பயிற்சி ஒன்றே வழி என்பதால் சொல்கிறோம்.

நம் கல்லூரிகளுக்குத் தீயணைப்பு ஒத்திகை புதிதல்ல. மணி அடித்ததும் வெளியேறு என்பது அதன் பாடம். நிலம் ஆடும்போது அதே பழக்கம் உயிருக்கு உலை வைக்கும். உதிரும் கண்ணாடி, சரியும் கைப்பிடிச் சுவர், பெயரும் சன்ஷேடு எல்லாம் வாசலருகேதான் விழும்; நெரிசலில் மாடிப்படியே ஆளைக் கொல்லும். அதிர்வு நிற்கும்வரை குனிந்து, மேசைக்கடியில் புகுந்து, தலையை மறைத்து, மேசைக் காலை இறுகப் பிடித்திருக்க வேண்டும். நின்ற பிறகே படி வழியாகத் திறந்த வெளிக்கு வர வேண்டும், லிஃப்டைத் தொடக்கூடாது. மலையில் மண்சுவர் வீட்டிலிருந்து வரும் மாணவருக்கு இது மட்டும் போதாது. அத்தகைய வீட்டில் வாசல் பக்கத்திலேயே இருந்தால் சட்டென்று வெளியேறுவதே மேல். இந்த வேறுபாட்டை நோட்டீஸ் பலகையில் ஒட்டிப் புரியவைக்க முடியாது.

தொடக்கம் சிறுவங்கூர் அரசு மருத்துவக் கல்லூரியாக இருக்கட்டும். அங்கே மேசைக்கடியில் புக முடியாத நோயாளிகள் இருக்கிறார்கள். கட்டிலின் சக்கரத்தைப் பூட்டுவது யார், ஆக்சிஜன் சிலிண்டர்கள் சங்கிலியால் கட்டப்பட்டுள்ளனவா, பிரசவ வார்டை யார் பார்ப்பது என்பதெல்லாம் ஒத்திகையில்தான் தெளிவாகும். 2024 ஜூனில் விஷச் சாராயத்தால் பாதிக்கப்பட்டவர்கள் திரண்டு வந்தபோது, பலரைச் சேலத்துக்கும் ஜிப்மருக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் அனுப்ப வேண்டியிருந்தது. ஒரே நாளில் நூறு பேர் வந்தால் என்ன ஆகும் என்பதை இந்த மாவட்டம் கண்டுவிட்டது. அந்த மருத்துவமனையே ஆடினால் என்ன செய்வது என்று இப்போதே யோசித்தாக வேண்டும்.

கலிபோர்னியாவில் 2008-இல் தொடங்கிய பெரும் ஒத்திகை இன்று பல நாடுகளில் ஆண்டுதோறும் அக்டோபரில் நடக்கிறது. பேரிடர் அபாயக் குறைப்புக்கென ஐ.நா. குறித்த அக்டோபர் 13-ஐ நம் மாவட்டம் எடுத்துக்கொள்ளலாம். வடகிழக்குப் பருவமழை வலுக்கும் முன் வரும் நாள் அது. கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலை ஏறும் பாதையில் மண் சரிந்தால், மழையாலோ அதிர்வாலோ, தீயணைப்பு வண்டி உடனே மேலே வராது. அதுவரை காயம்பட்டவரைத் தூக்கவும் ரத்தப்போக்கை நிறுத்தவும் மலையிலேயே ஆள் வேண்டும். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களை அதற்குப் பழக்கலாம்.

பேனர் கட்டிப் படமெடுத்துக் கலையும் ஒத்திகை வேண்டாம். முதல் ஆண்டு முன்னறிவிப்போடு நடத்தலாம், அடுத்த ஆண்டு சொல்லாமல் நடத்த வேண்டும். விடுதிச் சமையலர், காவலாளி, மாற்றுத்திறன் மாணவர் எவரும் விடுபடக்கூடாது. பூட்டிக் கிடந்த வாசல், ஆணி அடிக்காத பீரோ என்று கண்ட குறைகளை எழுதி ஒட்டி, சரிசெய்யக் கெடு குறிக்க வேண்டும். இதற்குப் பெரிய செலவு இல்லை. மாவட்ட ஆட்சியரும், இங்குள்ள கலைக் கல்லூரிகளை இணைத்திருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் இந்தக் கல்வியாண்டிலேயே சுற்றறிக்கை அனுப்ப வேண்டும்.