பாலைவனக் குளிரும் ஜடைப் பின்னல் ஸ்வெட்டரும்

வளைகுடா நாடுகளுக்குப் புறப்படும் மகனின் பெட்டியில் ஸ்வெட்டர் எடுத்து வைக்கும் தாய் தமிழ்நாட்டில் அபூர்வம். "அங்கே எங்கே குளிரப் போகிறது?" என்பதுதான் ஊரில் பேச்சு. வந்து சேர்ந்த பிள்ளைக்கு மார்கழி பிறந்து, விடியுமுன் கம்பெனி பஸ்ஸுக்காகத் திறந்த வெளியில் நிற்கும்போதுதான் விஷயம் விளங்குகிறது. ஜனவரி மாதத்தில் குவைத்தில் இரவு வெப்பநிலை சராசரியாக எட்டு, ஒன்பது டிகிரிக்கு இறங்கிவிடும். நகருக்கு வெளியே பாலைவனத்தில் சில இரவுகளில் உறைபனியும் உண்டு. துபாய், அபுதாபி வாசிகளுக்கு அவ்வளவு கஷ்டமில்லை, 14 டிகிரி அளவோடு நின்றுவிடும். ஆயினும் அதே அமீரகத்தில், ராஸ் அல் கைமா மலைகளில் 2004 டிசம்பரிலும் 2009 ஜனவரியிலும் வெண்பனி பொழிந்ததைப் பலரும் நினைவில் வைத்திருப்பார்கள். இவற்றோடு வடமேற்கிலிருந்து ஷமால் காற்றும் சேர்ந்துகொண்டால் சட்டைக்குள் ஊசி குத்துவது போலிருக்கும்.

கோடை வெயிலுக்காவது சட்டத்தின் பாதுகாப்பு இருக்கிறது. அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது. குவைத்திலும் கோடை மாதங்களில் இத்தகைய தடை உண்டு. குளிரோ யார் கணக்கிலும் வராமல் போகிறது. அதிகாலையில் கட்டட வேலைக்குப் போகிறவர், இரவுக் காவலர், பாலைவனத்தில் ஆடு ஒட்டகம் மேய்ப்பவர், மீன்பிடிப் படகில் இருப்பவர் ஆகியோர்தான் அதை அனுபவிக்கிறார்கள். அவர்களில் தமிழ் பேசுகிறவர்களும் கணிசமாக இருக்கிறார்கள்.

மறுபுறம், சங்கக் குடும்பங்களில் அழகாகக் கம்பளி பின்னத் தெரிந்த பெண்மணிகள் இருக்கிறார்கள். தகப்பனாரின் ராணுவ உத்தியோகத்தாலோ ரயில்வே உத்தியோகத்தாலோ வடக்கே வளர்ந்தவர்கள், ஊட்டி, குன்னூர் பக்கம் படித்தவர்கள், இங்கே அண்டை வீட்டுப் பஞ்சாபிச் சகோதரியிடம் கற்றுக்கொண்டவர்கள் என்று பல வகை. இவர்கள் பின்னுவதெல்லாம் எங்கே போகிறது? பெரும்பாலும் சென்னையிலும் மதுரையிலும் இருக்கும் பேரப்பிள்ளைகளுக்கு! அந்தக் குழந்தை அதை ஒருநாள் புகைப்படத்துக்காகப் போட்டுக்கொள்கிறது. பிறகு அது பீரோவில் நாஃப்தலீன் உருண்டையோடு தூங்குகிறது. குளிரில் நடுங்குவதாக எண்ணி மயிலுக்குப் போர்வை போர்த்திய பேகனைத் தமிழுலகம் வள்ளல் என்று போற்றுகிறது. பழனி மலை நாட்டுக்குத் தலைவனான அவன், மயில் அதை உடுத்தாது என்று அறிந்தே கொடுத்தான் என்று பரணர் பாராட்டுகிறார். மனம் பெரிது, சந்தேகமில்லை. ஆனால் வீட்டு வாசலிலேயே காவலர் ஒருவர் இரவெல்லாம் மெல்லிய சட்டையோடு உட்கார்ந்திருக்கும்போது மயிலைத் தேடிப் போக வேண்டுமா?

அதிலும் 'கேபிள்' எனப்படும் ஜடைப் பின்னல் வேலைப்பாடு பாலைவனக் குளிருக்கென்றே ஏற்பட்டதோ என்று தோன்றும். அதன் சூட்சுமம் மிக எளிது. நான்கோ ஆறோ கண்ணிகள் வந்ததும் பாதியைச் சிறு துணை ஊசியில் ஏற்றி முன்னாலோ பின்னாலோ நிறுத்திவிட்டு, மீதியை முதலில் பின்னி, நிறுத்தியதைப் பிறகு பின்ன வேண்டும். கண்ணிகள் இடம் மாறி, பெண்களின் ஜடை போலக் கயிறு திரித்தாற்போல் எழும்பி நிற்கும். இரு பக்கமும் 'பர்ல்' கண்ணி விட்டால் ஜடை இன்னும் எடுப்பாகத் தெரியும். கண்ணிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதால் துணி குறுகித் தடிக்கிறது. மடிப்புகளுக்கிடையே காற்று அடைபட்டு நின்று உடல் சூட்டைக் காக்கிறது. நூல் மட்டும் சற்று அதிகம் பிடிக்கும்: ஆண்களுக்கான முழுக்கை ஸ்வெட்டருக்கு 700, 800 கிராம் வரை வேண்டியிருக்கும்.

இதற்குப் பேர்போன இடம் அயர்லாந்தின் மேற்குக் கரையோரம் உள்ள ஆரன் தீவுகள். கடலில் மாண்ட மீனவரின் உடலைக் குடும்பத்தார் அடையாளம் காண்பதற்காக ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிப் பின்னல் இருந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். கதை உருக்கமானதுதான், உண்மையல்ல. 1904-இல் மேடையேறிய சிங் என்பவரின் நாடகத்தில், மூழ்கியவனின் காலுறையிலிருந்த கண்ணிகளைக் கொண்டு அவன் அடையாளம் தெரிகிறது. அதிலிருந்து வளர்ந்த கதை இது. இன்று அறியப்படும் ஆரன் ஸ்வெட்டரே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் உருப்பெற்றது. திறந்த வெளியில் காற்றோடு போராடுகிறவர்களின் உடை என்பது மட்டும் நிஜம். அப்படியானால் குவைத்துப் பாலைவனத்து ஆடு மேய்ப்பவருக்கும் காவலருக்கும் அது பொருந்தாமல் போகாது.

ஆனால் கட்டடத் தொழிலாளிக்கு ஜடைப் பின்னல் குல்லாவை அன்போடு பின்னிக் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? அதன்மேல் பாதுகாப்பு ஹெல்மெட் சரியாக உட்காராது. அவருக்கு வேண்டியது மெல்லிய நூலில் சாதாரண 'ரிப்' போட்ட, காதை மூடும் குல்லா. தொங்கும் மஃப்ளரும் வேண்டாம், இயந்திரத்தில் சிக்கினால் ஆபத்து. கழுத்தைச் சுற்றி நிற்கும் வளையம்போல் பின்னித் தரலாம், அதில் ஜடையும் போடலாம். நூல் விஷயமும் உண்டு. கடைகளில் மலிவாகக் கிடைப்பது அக்ரிலிக் நூல். முகாமின் வாஷிங் மெஷினைத் தாங்கும் என்றாலும் தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். வெல்டிங் வேலை செய்பவருக்கும், குளிருக்குக் கட்டை கொளுத்திச் சுற்றி உட்காருகிறவருக்கும் அது ஆகாது. அவர்களுக்கு அசல் கம்பளிதான் உத்தமம். வெந்நீரில் போடாதீர்கள், சுருங்கிவிடும் என்று வாய்விட்டுச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

பெண்கள் கூடிப் பின்னினால் எவ்வளவு ஆகும் என்பதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. 1962-இல் சீனப் படையெடுப்பின்போது, போதிய கம்பளி உடையின்றி இமயத்தில் நின்ற ஜவான்களுக்காக நாடெங்கும் பெண்கள் ஸ்வெட்டர் பின்னி அனுப்பினார்கள். 2016 ஜனவரியில் 'மதர் இந்தியா குரோஷே குவீன்ஸ்' குழுவினர் சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் போர்வையை இணைத்துக் கின்னஸ் சாதனை செய்தார்கள். அது கொக்கி ஊசி வேலை, இது இரட்டை ஊசி வேலை. கைகள் என்னவோ அதே கைகள்தான்.

ஆர்வம் மேலிட்டு யாரும் பெட்டி வைத்து வசூலிக்கத் தொடங்கிவிடக் கூடாது. அமீரகத்தில் நன்கொடை திரட்டுவதற்கு 2021-ஆம் ஆண்டின் 3-ஆம் எண் கூட்டாட்சிச் சட்டப்படி அனுமதி பெற்ற அமைப்புகளுக்கே உரிமை உண்டு. சங்கத்து மகளிர் அத்தகைய ஓர் அமைப்பை முன்கூட்டியே அணுகி, எந்த முகாமுக்கு எத்தனை குல்லா தேவை என்று கேட்டறிவதே முறை. அதுவும் நவராத்திரிக்கு முன்பே நடக்க வேண்டும். கொலுவுக்கு வருகிறவர்களுக்குப் பிளாஸ்டிக் டப்பாக்களுக்குப் பதில் தாம்பூலத்தோடு ஒரு நூல் உருண்டை கொடுத்தால், கார்த்திகை தீபத்துக்குள் குல்லாக்கள் தயாராகிவிடும். கை பழகியவருக்கு ஒரு குல்லா இரண்டு மூன்று மாலை வேலை. தை பிறந்த பிறகு கொண்டுபோய்க் கொடுத்தால் குளிர் முடியும் தறுவாயில்தான் போய்ச் சேரும்.

ஸ்வெட்டர் என்றால் மட்டும் மார்பளவு கேட்காமல் ஊசியைத் தொட வேண்டாம். காவலர் கூச்சப்பட்டு "எதுவானாலும் சரி அம்மா" என்பார். அளவு நாடாவை அவர் கையிலேயே கொடுத்துவிட்டால் அவரே அளந்து சொல்லிவிடுவார். நிறத்தையும் அப்போதே கேட்டுவிடலாம். வெள்ளையில் ஜடைப் பின்னல் பார்க்க அழகுதான், ஆனால் இந்தப் புழுதியில் ஒரு வாரம் தாங்காது.