திருடன் தமிழில் பேசுகிறான்

‘படிக்காதவன்தான் ஏமாறுகிறான்’ என்ற பேச்சை நாம் ஏற்பதற்கில்லை. ‘டிஜிட்டல் கைது’ என்றொன்று சட்டத்தில் இல்லை என்று 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரே வானொலியில் சொல்ல நேர்ந்தது. அந்த மிரட்டலில் பணமிழந்தோருள் மருத்துவரும் பேராசிரியரும் உண்டு. அச்சத்தின் முன் பட்டங்கள் உதவுவதில்லை.

அனந்தபுரத்து உழவருக்கோ இன்னொரு பாரமும் சேர்கிறது. பி.எம். கிசான் தவணை என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஓர் ஏ.பி.கே. கோப்பு வருகிறது. அதை நிறுவி, கேட்கும் அனுமதிகளைத் தந்துவிட்டால், அது குறுஞ்செய்திகளைப் படித்து ஓ.டி.பி.யைத் திருடனிடம் சேர்த்துவிடும். தொலைபேசியில் அழைக்கும் திருடன் நல்ல தமிழில் பேசுகிறான். ‘யாரிடமும் பகிராதீர்’ என்னும் வங்கியின் எச்சரிக்கையோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகிறது.

அருகிலுள்ள செஞ்சிக் கோட்டையைப் பிடிக்க முகலாயருக்கு 1690 முதல் 1698 வரை ஆயிற்று. தளபதியின் ஆணை புரியாத காவலனைக் கொண்டு அது அத்தனை காலம் நின்றிருக்குமா?

ரகசிய எண்ணைப் பகிர்ந்தவர், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை நேரும் இழப்பு முழுவதையும் தாமே ஏற்க வேண்டும் என்றது ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை. புரியாத மொழியில் எச்சரித்துவிட்டு, கேட்கவில்லையென்று தண்டிப்பது எவ்வகை நீதி?

வங்கி அனுப்பும் ஒவ்வொரு குறுஞ்செய்தியும் தமிழில் வரவேண்டும். அதுவரை, வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே.யைத் தொடாதீர், பணம் போனால் அக்கணமே 1930ஐ அழையுங்கள் என்று ஊர்ச்சுவரில் எழுதுவது தமிழ் கற்ற நம் கடமை. கவிதையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.