‘பொய்ச் செய்தி’ என்றார்கள், தீர்ப்பாக வந்தது

2018 மார்ச் மாதம். 14ஆவது பொதுத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்போதைய தொடர்பு, பல்லூடகத் துறை துணையமைச்சர் ஜைலானி ஜொஹாரி ஒரு விளக்கம் கொடுத்தார். 1எம்டிபி பற்றி அரசாங்கம் உறுதிப்படுத்திய தகவலைத் தவிர மற்ற எல்லாத் தகவலும் பொய்ச் செய்தியாகவே கருதப்படும் என்றார் அவர். அடுத்த சில நாள்களில் பொய்ச் செய்தித் தடுப்புச் சட்டம் மக்களவையில் நிறைவேறியது. ஆறு ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதம்.

2025 டிசம்பர் 26ஆம் தேதி கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் முன்னாள் பிரதமர் நஜிப் ரசாக்கை 1எம்டிபி வழக்கின் 25 குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாக நான்கு, சட்டவிரோதப் பணமாற்றம் தொடர்பாக 21. அரபு நன்கொடைக் கதையை நீதிபதி ஏற்கவில்லை. இது அரசியல் பழிவாங்கல் என்ற வாதத்தையும் தள்ளிவிட்டார். மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறது. ஆனால் ஒரு காலத்தில் பேசினாலே ‘சதிக் கதை’ என்று ஏளனம் செய்யப்பட்ட விஷயம், இன்று நீதிமன்ற ஏட்டில் தீர்ப்பாக இருக்கிறது.

இதைப் பார்த்துவிட்டு, புலனக் குழுவில் வரும் எல்லாவற்றையும் நம்பலாம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். 5ஜி கோபுரம் கோவிட் கிருமியைப் பரப்புகிறது, தடுப்பூசிக்குள் சில்லு இருக்கிறது என்றெல்லாம் வந்தவை குப்பை. அவற்றை நம்பி ஊசி போட மறுத்தவர்கள் நம் குடும்பங்களிலும் இருந்தார்கள். சிக்கல் என்னவென்றால், அந்தக் குப்பையைக் காட்டியே நியாயமான சந்தேகத்தையும் அதே தொட்டியில் போடச் சொல்வது அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு மிகவும் வசதியாகிவிடுகிறது. எது குப்பை, எது விசாரிக்க வேண்டியது என்று பிரித்துப் பார்க்க 1எம்டிபி விவகாரத்தைவிட நல்ல பாடம் இந்த நாட்டில் கிடைக்காது.

2015 ஜூலை மாதத்தை நினைத்துப் பார்க்கலாம். அமெரிக்காவின் வால் ஸ்திரீட் ஜர்னல் நாளேடு, ஏறக்குறைய 700 மில்லியன் அமெரிக்க டாலர் பிரதமரின் சொந்த வங்கிக் கணக்குகளுக்குப் போனதாக மலேசிய விசாரணை அதிகாரிகளின் ஆவணங்களை வைத்து எழுதியது. அந்த ஒரே மாதத்தில் நடந்தவற்றை வரிசையாகப் பார்த்தாலே போதும். 19ஆம் தேதி சரவாக் ரிப்போர்ட் இணையத்தளம் முடக்கப்பட்டது. 27ஆம் தேதி தி எட்ஜ் குழுமத்தின் இரண்டு ஏடுகள் மூன்று மாதத்துக்கு நிறுத்தி வைக்கப்பட்டன (அந்த உத்தரவைப் பின்னர் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது). 28ஆம் தேதி சட்டத்துறைத் தலைவர் அப்துல் கனி பட்டேல் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். சொல்லப்பட்ட காரணம் உடல்நலம். அதே நாள், இந்த விவகாரத்தில் கேள்வி கேட்ட துணைப் பிரதமர் முகிதீன் யாசின் அமைச்சரவையிலிருந்து வெளியேற்றப்பட்டார். 1எம்டிபியை விசாரித்துக்கொண்டிருந்த நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்கள் சிலருக்கும் அரசாங்கத்தில் பதவி கிடைத்தது. விசாரணை நின்றது.

இவை எதுவும் பணம் திருடப்பட்டது என்பதற்கு ஆதாரம் ஆகாது. ஆனால் ‘அந்தக் கணக்கு என்னுடையது அல்ல, இதோ வங்கி அறிக்கை’ என்று ஒரு தாளை நீட்டியிருந்தால் விவகாரம் அன்றே முடிந்திருக்கும். தாள் வரவில்லை. கேட்டவர்கள்தான் மாறினார்கள்.

பதிலும் ஒரே பதிலாக இல்லை. சொந்த ஆதாயத்துக்காகப் பொதுப் பணத்தை எடுக்கவில்லை என்பது முதல் விளக்கம். ஆகஸ்ட் மாதம் ஊழல் தடுப்பு ஆணையம், அந்த 2.6 பில்லியன் ரிங்கிட் நன்கொடையாளர்கள் தந்தது என்றது. 2016 ஜனவரி 26ஆம் தேதி புதிய சட்டத்துறைத் தலைவர் முகமட் அபாண்டி அலி, 681 மில்லியன் டாலர் சவூதி அரச குடும்பத்தின் அன்பளிப்பு என்றும் அதில் 620 மில்லியன் திருப்பிக் கொடுக்கப்பட்டுவிட்டது என்றும் கூறி கோப்பை மூடினார். மூன்றே நாளில் சுவிட்சர்லாந்தின் சட்டத்துறை, மலேசிய அரசு நிறுவனங்களிலிருந்து ஏறக்குறைய 4 பில்லியன் டாலர் கையாடப்பட்டிருக்கலாம் என்று அறிவித்தது. மே மாதம் சிங்கப்பூர் நாணய ஆணையம், 1எம்டிபி தொடர்பான பணத்தைக் கையாண்ட பிஎஸ்ஐ வங்கியின் உரிமத்தையே பறித்தது. ஜூலையில் அமெரிக்க நீதித்துறை சொத்துப் பறிமுதல் வழக்குகளைத் தொடுத்தது. அந்த 681 மில்லியன், 1எம்டிபி 2013 மார்ச்சில் திரட்டிய 3 பில்லியன் டாலர் கடன்பத்திரப் பணத்திலிருந்து வந்தது என்று அதன் மனுவில் தடம் காட்டப்பட்டிருந்தது.

சிங்கப்பூர் நாணய ஆணையத்துக்கு அம்னோவின் உட்கட்சிச் சண்டையில் என்ன அக்கறை? சந்தேகம் எழுப்பியவர்களோடு எந்த உறவும் இல்லாத மூன்று நாடுகள், தனித்தனியாக, தங்கள் சொந்த வங்கிப் பதிவுகளை வைத்து ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன. 5ஜி கதைக்கு அப்படி ஒரு சாட்சி என்றைக்கும் வந்ததில்லை.

அன்று நன்கொடைக் கதையை நம்பியவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிடவும் முடியாது. 2016 ஏப்ரலில் சவூதியின் வெளியுறவு அமைச்சரே அது உண்மையான நன்கொடை என்று பேட்டி கொடுத்தார். தோட்டத்து வீட்டில் வானொலி கேட்டுக்கொண்டிருந்த ஒருவர், இரண்டு நாட்டு அமைச்சர்களின் பேச்சைவிட இணையத்தளம் ஒன்றை ஏன் நம்ப வேண்டும்?

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. சதிக் கோட்பாட்டை அன்று உரக்கச் சொன்னது எதிர்க்கட்சி மட்டும் அல்ல, அரசாங்கமும்தான். தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதமரைக் கவிழ்க்க உள்நாட்டு அரசியல்வாதிகளும் வெளிநாட்டு ஊடகங்களும் கூட்டுச் சேர்ந்துவிட்டார்கள் என்பது அதன் வாதம். அந்த வாதத்துக்காகக் கைது நடந்தது. 1எம்டிபி பற்றி வெளிநாடுகளில் புகார் கொடுத்த முன்னாள் அம்னோ தொகுதிப் பொறுப்பாளர் கைருடின் அபு ஹசானும் அவருடைய வழக்கறிஞர் மத்தியாஸ் சாங்கும், பயங்கரவாதத்தைக் காரணம் காட்டிக் கொண்டுவந்த சொஸ்மா சட்டத்தின் கீழ் தடுத்து வைக்கப்பட்டார்கள். வங்கித் துறையை நாசப்படுத்த முயன்றதாகக் குற்றச்சாட்டு. ஆக, மக்கள் முன் இரண்டு சதிக் கதைகள் இருந்தன. ஒன்றில் கணக்கு எண், தேதி, தொகை இருந்தது. மற்றொன்றில் ‘சிலர்’ என்ற சொல்தான் இருந்தது.

ஆவணம் எவ்வளவு முக்கியம் என்பதற்குக் கணக்காய்வுத் துறையில் நடந்ததே சாட்சி. 1எம்டிபி பற்றிய தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கை அதிகாரத்துவ ரகசியச் சட்டத்தின் கீழ் பூட்டப்பட்டது. அதன் 98ஆம் பக்கத்தை வெளியிட்ட ரபிசி ரம்லிக்கு 2016 நவம்பரில் செஷன்ஸ் நீதிமன்றம் 18 மாதச் சிறை விதித்தது. ஆட்சி மாறிய பிறகுதான் தெரிந்தது, அந்த அறிக்கையே திருத்தப்பட்டிருந்தது. 2016 பிப்ரவரி 24ஆம் தேதி நடந்த கூட்டம் ஒன்றில் என்ன பேசப்பட்டது என்பதைப் பதிவு செய்ய, பெண் அதிகாரி ஒருவர் பென்சில் பெட்டிக்குள் ஒலிப்பதிவுக் கருவியை மறைத்து வைத்ததாகப் பின்னர் நீதிமன்றத்தில் சாட்சியம் அளித்தார். பிரதிகளை அழிக்கச் சொன்னபோது ஒன்றை அவர் காப்பாற்றியும் வைத்திருந்தார். நீக்கப்பட்டவற்றுள் ஒன்று, 1எம்டிபி வாரியக் கூட்டத்தில் ஜோ லோ இருந்தார் என்ற குறிப்பு.

திருத்தியதாகத் தொடுக்கப்பட்ட வழக்கில் நஜிப்பும் நிறுவனத்தின் முன்னாள் தலைமை நிர்வாகி அருள் கந்தாவும் 2023 மார்ச்சில் விடுதலை ஆனார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரு சந்தேகம் உண்மையானால் அதையொட்டிய எல்லாச் சந்தேகமும் உண்மை ஆகிவிடாது.

அதற்கு இதைவிடக் கசப்பான உதாரணம் கெவின் மொராயிஸ். அரசுத் துணை வழக்கறிஞரான அவர் 2015 செப்டம்பர் 4ஆம் தேதி காணாமல் போனார். சில நாள் கழித்து சிமெண்டு நிரப்பிய பீப்பாய்க்குள் அவர் உடல் கிடைத்தது. பிரதமருக்கு எதிரான குற்றப்பத்திரிகையை எழுதியவர் அவர்தான், அதனால்தான் கொல்லப்பட்டார் என்ற பேச்சு மாமாக் கடை மேசைகளில் பல மாதம் ஓடியது. அந்த நேரத்தில் அது நம்பும்படியும் இருந்தது. ஆனால் விசாரணை முடிந்து 2020 ஜூலையில் உயர் நீதிமன்றம் அறுவரைக் குற்றவாளிகள் என்று தீர்மானித்தபோது, அவர்களில் ஒருவர் கெவின் நடத்திவந்த ஊழல் வழக்கில் சிக்கியிருந்த இராணுவ மருத்துவர். 1எம்டிபி தொடர்பு அந்த வழக்கில் நிரூபிக்கப்படவில்லை. ஆதாரம் வேறு பக்கம் கையைக் காட்டினால் சந்தேகத்தைக் கீழே வைக்கத் தெரிய வேண்டும். இது பலருக்கு முடிவதில்லை. இன்றும் அந்தப் பழைய கதை சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

சந்தேகம் சரியாக இருந்தும் காலம் கடந்துபோவது இன்னொரு வகைக் கொடுமை. 1948 டிசம்பர் 12ஆம் தேதி சிலாங்கூர் பத்தாங் காலியில் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் ஆயுதம் இல்லாத 24 சீன ஆண்களைச் சுட்டுக் கொன்றார்கள். தப்பி ஓட முயன்றவர்கள் என்று பிரிட்டிஷ் அரசாங்கம் சொன்னது. 1970இல் முன்னாள் சிப்பாய்கள் சிலரே வேறு கதை சொன்னார்கள். தொடங்கிய விசாரணை லண்டனில் ஆட்சி மாறியதும் கைவிடப்பட்டது. கடைசியில் 2015 நவம்பரில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம், பொது விசாரணை கேட்ட குடும்பங்களின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. நீண்ட காலம் கடந்துவிட்டதும் அதற்கு ஒரு காரணம்.

1எம்டிபி அந்த அளவுக்குப் பிந்தவில்லை என்றாலும் தாமதத்துக்கு விலை உண்டு. அந்த 3 பில்லியன் டாலர் கடன்பத்திரத்தை 2023இல் தீர்த்தது அரசாங்கம், அதாவது வரி கட்டுபவர்கள். ஜோ லோ இன்னும் பிடிபடவில்லை.

பொய்ச் செய்தித் தடுப்புச் சட்டம் பின்னர் ரத்தானது. தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவு இருக்கிறது. அதிகாரத்துவ ரகசியச் சட்டமும் இருக்கிறது. அதற்குப் பிறகு ஆட்சிக்கு வந்த எந்தக் கூட்டணியும் அந்த இரண்டையும் கைவிடவில்லை என்பது கவனிக்க வேண்டியது.

இன்னொரு கோப்பு இன்னும் மூடப்படவில்லை. 2016 நவம்பரில் பெர்லிஸில் அம்ரி சே மாட் மறைந்தார். 2017 பிப்ரவரி 13ஆம் தேதி கிளானா ஜெயாவில் பட்டப்பகலில் கறுப்பு வாகனங்கள் சூழ்ந்து பாதிரியார் ரேமண்ட் கோவைக் கொண்டுபோன காட்சி கண்காணிப்புக் கேமராவில் பதிவானது. காவல் துறையின் கை இருக்கிறது என்று குடும்பத்தார் சொன்னபோது அது மறுக்கப்பட்டது. 2019 ஏப்ரலில் மனித உரிமை ஆணையமான சுஹாகாம், இரண்டிலும் சிறப்புப் பிரிவு போலீசாரின் பங்கு இருப்பதாக முடிவு சொன்னது. அதன் பிறகு அரசாங்கம் அமைத்த பணிக்குழுவின் அறிக்கையும் ரகசியமாக்கப்பட்டது. 2025 நவம்பர் 5ஆம் தேதி உயர் நீதிமன்றம் காவல் துறையும் அரசாங்கமும் பொறுப்பு என்று தீர்ப்பளித்து, குடும்பங்களுக்குப் பல மில்லியன் ரிங்கிட் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. இருவரும் எங்கே என்பது மட்டும் இதுவரை சொல்லப்படவில்லை.