பையின் அடியில் இருக்கும் பொடியையும் காட்டுங்கள்

நடுக்குவாதம் என்று தமிழில் வழங்கும் பார்க்கின்சன் நோய்க்காக எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வருவோரிடம், உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் கொண்டுவருமாறு சொல்வது வழக்கம். மஞ்சள் பையிலிருந்து மாத்திரை அட்டைகள் ஒவ்வொன்றாக மேசைக்கு வரும். பையின் அடியில் ஒரு பொட்டலம் தங்கிவிடும். அது என்ன என்று கேட்டால், உடன் வந்த மகளோ மருமகளோ நோயாளியின் முகத்தைப் பார்ப்பார்; நோயாளி சுவரைப் பார்ப்பார். "ஒன்றுமில்லை ஐயா, ஊரில் ஒருவர் கொடுத்த பொடி" என்ற விடை மெதுவாக வரும்.

அந்தத் தயக்கத்துக்குப் பெருமளவு நாங்களே காரணம் என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறோம். பொடி, கஷாயம், லேகியம் என்றவுடன் மருத்துவர் முகம் சுளிப்பதைக் கண்டவர்கள் அடுத்த முறை வாய் திறப்பதில்லை. பொடியை அவர்கள் விடுவதில்லை. எங்களிடம் சொல்வதை விட்டுவிடுகிறார்கள்.

அந்தப் பொட்டலத்தில் பெரும்பாலும் இருப்பது பூனைக்காலி விதைப் பொடி. அதை வெறும் நாட்டுப்பொடி என்று தள்ளிவிட எங்களால் இயலாது. அவ்விதையில் லெவோடோபா என்னும் பொருள் உள்ளதை 1937-ஆம் ஆண்டிலேயே சென்னையில் தாமோதரன், ராமசாமி ஆகிய இருவரும் பிரித்தெடுத்துக் காட்டினர். நாங்கள் எழுதிக்கொடுக்கும் மாத்திரையின் முதன்மை மருந்தும் அதே லெவோடோபாதான். மூளையில் குறைந்துபோன டோபமைனை ஈடுசெய்வது அதன் வேலை. 2004-இல் வெளியான ஆய்வொன்றில் எட்டு நோயாளிகளுக்கு இவ்விதையிலிருந்து செய்த மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது, மாத்திரையைவிட விரைவாகவே அது வேலை செய்யத் தொடங்கியது.

மெய்யான மருந்து என்பதால்தான் எங்களுக்குக் கவலை. மாத்திரையோடு பொடியும் சேரும்போது, ஒரே மருந்து இரண்டு வழியாக உடலுக்குள் செல்கிறது. கைகால்கள் தாமாக நெளிவது, குமட்டல், எழுந்து நின்றதும் தலைசுற்றி விழுவது, இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவது ஆகியவை இதனால் வரலாம். பொடியைப் பற்றி அறியாத மருத்துவர், நோய் முற்றிவிட்டது என்று எண்ணி வேறொரு மாத்திரையைச் சேர்ப்பார். மேலும், மாத்திரையில் கார்பிடோபா என்ற துணை மருந்தும் இருக்கிறது. லெவோடோபா மூளையை அடையும் முன்பே உடலில் மாறி வீணாகாமல் அது காக்கும், குமட்டலையும் குறைக்கும். விதைப் பொடியில் அது இல்லை. லெவோடோபாவின் அளவும் பொடிக்குப் பொடி மாறும். 2018-இல் வெளியான சிறு ஆய்வொன்றில் பூனைக்காலியை நாள்தோறும் உட்கொண்ட 14 பேரில் 7 பேர் இடையிலேயே நிறுத்திவிட்டனர். சிலருக்கு வயிறு ஒத்துக்கொள்ளவில்லை. மற்றவர்களுக்கு நடமாட்டம் மோசமாயிற்று.

இன்னொன்று இதைவிடக் கடுமையானது. "மாத்திரையை அடியோடு நிறுத்தினால்தான் எங்கள் மருந்து பிடிக்கும்" என்ற சொல்லை நம்பி, ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்திய பெரியவர் ஒருவரை அவர் பிள்ளைகள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உடல் மரக்கட்டையாக விறைத்திருந்தது, காய்ச்சல் கொதித்தது, பேச்சு இல்லை. லெவோடோபாவைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தான இந்நிலை ஏற்படக்கூடும். அவர் பிழைத்தார். ஆயினும் முன்போல் தாமே எழுந்து நடக்கப் பல வாரங்கள் ஆயின. எந்த மருத்துவ முறையைச் சேர்ந்தவர் ஆனாலும், மாத்திரையை உடனே நிறுத்தச் சொல்பவரிடம் மறுமுறை செல்லாதீர்கள்.

சர்ப்பகந்தா சேர்ந்த மருந்துகளையும் குறிப்பிட வேண்டும். தூக்கத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் நெடுங்காலமாக வழங்கிவரும் வேர் அது. அதிலுள்ள ரெசர்பின் மூளையின் டோபமைன் இருப்பைக் காலி செய்துவிடும். ரெசர்பின் கொடுத்து அசைவற்றுப்போன முயல்கள் லெவோடோபாவால் மீண்டும் நடமாடியதை ஸ்வீடன் நாட்டு ஆர்விட் கார்ல்சன் 1957-இல் காட்டியதும், இந்நோய்க்கு மருந்து பிறக்க ஒரு காரணம். பிறருக்கு நன்மை செய்யும் அவ்வேர் நடுக்குவாத நோயாளிக்கு ஆகாது.

இனி, தயக்கமின்றி நாங்கள் ஆதரிப்பவை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 195 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2012-இல் வெளியான ஆய்வில், வாரம் இருமுறை ஆறு மாதம் தாய்-சி பயின்றவர்களுக்கு உடலின் நிலைப்பு மேம்பட்டது. தசையை நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட அவர்கள் குறைவாகவே விழுந்தனர். தாய்-சி கற்பிப்போர் நம் ஊர்களில் எளிதில் கிடைப்பதில்லை என்பது உண்மை. பயிற்சியாளர் அருகிலிருக்க, நின்று செய்யும் மெதுவான யோகாசனங்களைப் பழகலாம். தலைகீழ் ஆசனங்களும் சட்டென எழுவதும் வேண்டா.

தாளத்தின் துணையைப் பலர் அறிவதில்லை. சமதரையில், அதிலும் வாசற்படி அருகே, கால் ஒட்டிக்கொண்டாற்போல் நின்றுவிடும் சிலர் படிக்கட்டில் தடையின்றி ஏறுவார்கள். வீட்டாருக்கு இது நடிப்பாகத் தோன்றும். தயவுசெய்து அப்படி எண்ணாதீர்கள். படி என்னும் அடையாளம் கண்ணுக்குத் தெரிவதால் கால் நகர்கிறது. தரையில் கோடுகள் ஒட்டி வைப்பதும், "ஒன்று, இரண்டு" என்று உரக்க எண்ணுவதும், அவருக்குப் பிடித்த பாட்டுக்குக் கைத்தாளம் போடுவதும் அவ்வாறே உதவும். கையைப் பிடித்து இழுத்தால் விழுவார்.

எண்ணெய் தேய்ப்பதால் நோய் மாறாது. விறைப்பும் வலியும் சற்று இளகும், மனமும் அமைதியுறும். அதுவே போதிய பயன். உள்ளங்காலில் எண்ணெயோடு குளியலறைக்கு மட்டும் அனுப்பாதீர்கள். சூடான நீரில் குளித்து எழும்போது இரத்த அழுத்தம் குறைவதுண்டு. நாற்காலியில் அமர்த்திக் குளிப்பாட்டுங்கள்.

முற்றிலும் குணமாக்குவதாகச் சொல்லி ஆயிரக்கணக்கில் முன்பணம் கேட்போர் இருக்கிறார்கள். நோயை அடியோடு நீக்கும் மருந்து இன்று எந்த மருத்துவ முறையிலும் இல்லை. அந்தப் பணத்தில் குளியலறைக்குக் கைப்பிடியும் வழுக்காத விரிப்பும் வாங்கலாம் என்பது எங்கள் கருத்து.

அடுத்த முறை வரும்போது, பையில் உள்ளவை அனைத்தும் மேசைக்கு வரட்டும். எந்தப் பொடி, எத்தனை கரண்டி, மாத்திரைக்கு முன்பா பின்பா, யார் கொடுத்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். நாங்கள் முகம் சுளித்தால், இந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டுங்கள். லேகியமானால் புட்டியில் ஒட்டியுள்ள தாளைக் கிழிக்காமல் அப்படியே கொண்டுவாருங்கள்.