17வது நிமிடத்தில் ஒரு மலை

ஆஸ்டின் டவுனில் வீடு தேடி வருகிறவருக்கு வெறும் கதவு எண்ணைச் சொல்லிப் பயனில்லை. நந்தன் மைதானத்தைச் சொல்ல வேண்டும். அங்கிருந்து எந்தப் பக்கம், எத்தனையாவது திருப்பம் என்று சொல்ல வேண்டும். கன்னட அகராதி தந்த கிட்டலின் பெயரைப் பேட்டைக்குச் சூட்டியாயிற்று. ஆட்டோவில் ஏறினால் வாயில் வருவது பழைய பெயர்தான். 2008 மே வரை எச்.ஏ.எல். விமான நிலையத்தில் பயணிகள் விமானங்கள் இறங்கியபோது, அவை தாழப் பறப்பதைப் பார்த்துப் பழகியவர்கள் இந்தப் பேட்டைக்காரர்கள். கீழே நமக்கு வழிகாட்ட மைதானம் இருக்கிறது. மேலே போகிறவருக்கு?

அவருக்கும் அதே கதைதான். மலை, ஏரி, ரயில் பாதை என்று அடையாளம் பார்த்துப் போவதுதான் விமானம் ஓட்டப் பழகுகிறவரின் முதல் பாடம். அதோடு சேர்ந்து வருவது 'டெட் ரெக்கனிங்'. சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் 'செத்த கணக்கு' என்று வரும். உண்மையில் இது உயிரைக் காக்கிற கணக்கு. புறப்பட்ட இடம், பிடித்த திசை, வேகம், ஓடிய நேரம், காற்று ஆகியவற்றை வைத்து 'இப்போது நான் இங்கே இருக்க வேண்டும்' என்று சொல்வது. உத்தேசக் கணக்கு என்று நம் வீடுகளில் சொல்வோமே, அதுதான்.

ஒரு உதாரணம் பார்ப்போம். பெங்களூரின் வடக்கே ஜக்கூரில் 1949ல் அரசு விமானப் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. அங்கிருந்து மைசூர் விமான நிலையத்துக்கு வரைபடத்தில் ஒரு நேர்கோடு போடுங்கள். (நகரத்தின் மேல் இப்படி நேராகப் பறக்க விடமாட்டார்கள், கணக்குக்காக வைத்துக்கொள்வோம்.) தூரம் சுமார் 75 கடல் மைல். சிறிய விமானம் மணிக்கு 100 கடல் மைல் போனால் 45 நிமிடம். ராமநகரத்துப் பாறை மலைகள் 17வது நிமிடத்தில் இடப்பக்கம் வரவேண்டும்.

ஆனால் அது பருவமழைக் காலம். தென்மேற்கிலிருந்து 20 மைல் வேகத்தில் எதிர்க்காற்று. இப்போது தரைக்கு மேலான வேகம் 80 மைல்தான். மைசூருக்கு 56 நிமிடம் ஆகும். ராமநகரம் வருவது 21வது நிமிடத்தில். மாணவர் காற்றை மறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 17வது நிமிடத்தில் ராமநகரத்து மலையைத் தேடுகிறார். மலை தெரிகிறது, ஆனால் வலப்பக்கம். அது சாவனதுர்கா. அவரோ அதை ராமநகரம் என்று நம்புகிறார். இடப்பக்கம் வரவேண்டியது வலப்பக்கம் வந்திருக்கிறது, ஆகவே காற்று தன்னை இடப்பக்கம் தள்ளிவிட்டது என்று தீர்மானித்து, வலப்பக்கம் திருப்புகிறார். மைசூர் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். விமானிகளுக்கு ஒரு மனக்கணக்கு உண்டு: திசை ஒரு டிகிரி பிசகினால் 60 மைலில் ஒரு மைல் விலகல். 10 டிகிரி பிசகினால் 10 மைல். மேகமூட்டத்தில் அந்தத் தூரத்தில் விமான நிலையமே கண்ணுக்குப் படாமல் போகலாம். எரிபொருளோ காத்திருக்காது.

இதனால்தான் ஆசிரியர்கள் ஒரு வரிசை சொல்லித் தருகிறார்கள். முதலில் கடிகாரம், பிறகு வரைபடம், கடைசியில் தரை. தரையை முதலில் பார்த்தால், கண்ட மலையை எல்லாம் வேண்டிய மலையாக்கிக்கொள்ளும் மனசு. இரண்டாவது விதி, ஒரு சாட்சி போதாது. ராமநகரம் என்றால் பக்கத்தில் மைசூர் ரயில் பாதை ஓட வேண்டும். சாவனதுர்காவின் அருகே ரயில் பாதை இல்லை. அப்படியும் வழி தவறினால்? உயரே ஏறு, ரேடியோவில் பேசு, தவறிவிட்டேன் என்று ஒப்புக்கொள். மூன்றாவதுதான் கஷ்டம்.

அனுபவசாலிகளுக்கும் இது நேரும். 1972 செப்டம்பர் 24ல் ஜப்பான் ஏர்லைன்ஸின் டிசி-8 ஜெட், பம்பாய் சாந்தாகுரூஸ் என்று நினைத்துப் பக்கத்திலிருந்த சின்ன ஜுஹு தளத்தில் இறங்கி, ஓடுதளம் போதாமல் வெளியே ஓடியது. உயிர்ச்சேதம் இல்லை. எதிர்பார்த்த நேரத்தில் ஒரு ஓடுதளம் தெரிந்தது. அதுதான் இது என்று நம்பிவிட்டார்கள்.

இப்போதுதான் ஜி.பி.எஸ். இருக்கிறதே, எதற்கு இந்தப் பழைய கணக்கு என்று கேட்கலாம். 2023 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை, பெரும்பாலும் அமிர்தசரஸ், ஜம்மு பகுதிகளில், விமானங்களின் ஜி.பி.எஸ்.ஸில் குறுக்கீடு நடந்ததாக 465 புகார்கள் வந்தன என்று அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. 2025 நவம்பரில் டெல்லியை நெருங்கிய விமானங்களுக்கும் இந்தத் தொல்லை. சிக்னல் அறுந்துபோனால் திரை சொல்லிவிடும். பொய்யான சிக்னல் வந்தாலோ, திரை தெளிவாக, தைரியமாகத் தவறான இடத்தைக் காட்டும்.

பெரிய விமானங்களில் தரை ரேடியோ உதவி உண்டு. விமானத்தின் அசைவை அளந்து அளந்து கூட்டி இருப்பிடம் சொல்லும் கருவியும் உண்டு. யோசித்துப் பார்த்தால் அதுவும் இயந்திரம் போடுகிற அதே உத்தேசக் கணக்குதான். பயிற்சி விமானத்தில் அந்தக் கணக்கை மாணவரின் தலைதான் போட வேண்டும். நம் நாட்டில் வர்த்தக விமானி உரிமம் வாங்க 200 மணி நேரப் பறத்தலில், குறைந்தது 300 கடல் மைல் நீளமுள்ள ஒரு பயணத்தைப் பொறுப்பு விமானியாக முடித்து, வழியில் இரண்டு வெவ்வேறு தளங்களில் இறங்கிக் காட்ட வேண்டும். அந்தப் பயணத்தைத் திரையைப் பார்த்தே முடித்துவிட்டால் மணிக்கணக்கு ஏட்டில் ஏறும்; பாடம் தலையில் ஏறாது.

திரை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அதைப் பார்ப்பதற்கு முன் நம்மிடம் சொந்தமாக ஒரு விடை இருக்க வேண்டும். இரண்டும் பொருந்தினால் நிம்மதி. பொருந்தாவிட்டால் எங்கோ பொய் இருக்கிறது என்பதாவது தெரியும். சொந்தக் கணக்கே இல்லாதவருக்குச் சந்தேகம்கூட வராது.

போன வாரம் கைபேசியின் வரைபடத்தை நம்பி ஆஸ்டின் டவுனுக்கு வந்த நண்பர், இரண்டு தெரு தள்ளி யாரோ ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். மைதானம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று போனில் கேட்டேன். அவர் அதைப் பார்க்கவே இல்லையாம்.